தோல் மறைக்கும் கணக்கு

பாறசாலையைத் தாண்டினால் களியக்காவிளை. 1956 நவம்பர் 1-ம் தேதி விளவங்கோடும் கல்குளமும் தமிழ்நாட்டுக்கு வந்தன. நெய்யாற்றின்கரை தாலுகா கேரளத்தோடு நின்றது. கோடு போட்டவர்கள் போட்டுவிட்டுப் போனார்கள். சந்தைக்கும் சம்பந்தத்துக்கும் ஜனங்கள் இன்றும் இரண்டு பக்கமும் போய் வருகிறார்கள். நோய் முற்றினாலும் அப்படித்தான்: வடக்கே திருவனந்தபுரம் மருத்துவக் கல்லூரி, இல்லையேல் தெற்கே ஆசாரிப்பள்ளம். எந்தப் பக்கம் போனாலும் 30 கி.மீ.க்குக் குறையாது.

அந்த 30 கி.மீ.யில் ஆம்புலன்ஸில் எல்லோர் கண்ணும் நோயாளியின் விரலில் மாட்டிய சிறு கிளிப்பின் மேல்தான் இருக்கும். பல்ஸ் ஆக்ஸிமீட்டர். ஒரு காலத்தில் ஆபரேஷன் தியேட்டரிலும் தீவிர சிகிச்சைப் பிரிவிலும் மட்டுமே இருந்த இந்தக் கருவி, கோவிட் காலத்தில் ஆஷா ஊழியர்களின் கைப்பைக்கு வந்துவிட்டது. 2021 மே மாதம் கேரள அரசு அதற்கு 1,500 ரூபாய் என்று உச்சவரம்பு விலையே நிர்ணயித்தது. 94-க்குக் கீழே இறங்கினால் ஆஸ்பத்திரி என்பது பாட்டிகளுக்கும் மனப்பாடம்.

அந்த எண்ணை எவ்வளவு தூரம் நம்பலாம்?

ஜப்பானின் நிஹோன் கோடன் நிறுவனப் பொறியாளர் தகுவோ அவோயாகி 1974-ல் இதன் தத்துவத்தை வெளியிட்டார். விரலின் ஒரு பக்கத்திலிருந்து சிவப்பு ஒளியும் அகச்சிவப்பு ஒளியும் பாய்கின்றன. ஆக்சிஜன் ஏற்றிய ரத்தம் சிவப்பு ஒளியை அதிகம் விடுகிறது. ஏற்றாத ரத்தம் விழுங்கிவிடுகிறது. தோலும் எலும்பும்கூட ஒளியை விழுங்கும்தான். ஆனால் நாடித் துடிப்போடு கூடிக் குறைவது தமனி ரத்தத்தின் பங்கு மட்டுமே என்பதால் அதைத் தனியே பிரித்துவிடலாம். அவோயாகியின் சாமர்த்தியம் இதில்தான் இருக்கிறது. (கோவிட் உலகத்தையே அவர் கருவிக்குள் விரலை விட வைத்த 2020 ஏப்ரலில் அவர் காலமானார்.)

ஆக, கருவி ரத்தத்தை அளக்கவில்லை; ஒளியை அளந்து ரத்தத்தை ஊகிக்கிறது. ஆரோக்கியமான தொண்டர்களைக் குறைந்த ஆக்சிஜனைச் சுவாசிக்க வைத்து, தமனி ரத்தம் எடுத்து ஒப்பிட்டுத் தயாரித்த அட்டவணையே அந்த ஊகத்துக்கு ஆதாரம். அமெரிக்க அரசின் 2013-ம் ஆண்டு வழிகாட்டுதல் கேட்டது குறைந்தது 10 பேர். அதில் கறுத்த தோலுடையவர்கள் இருவர் இருந்தால் போதும்!

சிக்கல் இங்கேதான். வென்டிலேட்டரில் இருந்த கறுப்பர்களுக்கு இந்தக் கருவி நிஜத்தைவிடக் கூடுதலாகக் காட்டுகிறது என்று 1990-லேயே ஓர் அமெரிக்க ஆய்வு எச்சரித்தது. யாரும் பெரிதாகக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. முப்பது வருஷம் கழித்து, 2020 டிசம்பரில், மிச்சிகன் டாக்டர்கள் கணக்கெடுத்தார்கள். கருவி 92 முதல் 96 வரை காட்டிய நேரங்களில் தமனி ரத்தத்தில் நிஜ அளவு 88-க்கும் கீழே இருந்தது வெள்ளையரிடம் 3.6 சதவிகிதம், கறுப்பரிடம் 11.7 சதவிகிதம். பொழியூர்க் கடற்கரையில் வெயிலில் கறுத்த மீனவருக்கு இதே சதவிகிதம் பொருந்தும் என்று சொல்லிவிட முடியாது. ஆனால் ஒளியை விழுங்கும் மெலனின் அவர் தோலிலும் உண்டு.

நோய் கடுமையாக இருந்தால் ஊகம் இன்னும் தடுமாறுகிறது. ரத்த அழுத்தம் விழுந்து விரல் சில்லிட்டால் துடிப்பே பிடிபடாது. ரத்தசோகைக்காரருக்கு 99 காட்டும், சுமக்க ஹீமோகுளோபின்தான் இருக்காது. ரப்பர் தோட்டத்தில் கட்டுவிரியன் தீண்டி மூச்சுத் தசை தளர்ந்து வருபவருக்கு ஆக்சிஜன் மாஸ்க் போட்டால் 98 நிற்கும். உள்ளே கார்பன்டை ஆக்சைடு ஏறிக்கொண்டிருப்பதைக் கிளிப் சொல்லாது. அதற்குத் தமனியில் ஊசி குத்தி ரத்தம் எடுத்தாக வேண்டும்.

நெய்யாற்றின்கரை தாலுகாவின் காரக்கோணத்தில் உள்ள மருத்துவக் கல்லூரி டாக்டர் சோமர்வெல் பெயரில் இருக்கிறது. நெய்யூர் மிஷன் ஆஸ்பத்திரியில் கத்தி பிடித்த இந்த ஆங்கிலேயர், 1924-ல் ஆக்சிஜன் சிலிண்டர் இல்லாமல் எவரெஸ்டில் சுமார் 28,000 அடி வரை ஏறினார். அவர் விரலில் மாட்ட அன்று எதுவும் இல்லை. மாட்டியிருந்தால்? 2007-ல் பிரிட்டிஷ் மருத்துவர் குழுவினர் அதே மலையில் 8,400 மீட்டரில் தங்கள் தொடைத் தமனியிலிருந்தே ரத்தம் எடுத்தார்கள். சராசரி 54 சதவிகிதம்! படிப்படியாகப் பழகிய உடம்பு 54-லும் நடக்கிறது. நிமோனியாவில் ஒரே நாளில் 80-க்கு விழுந்தவர் அப்படி எழுந்து நடக்க முடியாது. கிளிப்பை நம்பாமல் ஊசியைக் குத்திக்கொண்டதையும் கவனிக்கலாம்.

2025 ஜனவரியில் அமெரிக்க அரசு புதிய வரைவை வெளியிட்டது. இனி 150 பேருக்குக் குறையாமல், பல தோல் நிறங்களில் சோதிக்க வேண்டும் என்கிறது. ஆனால் அது மருத்துவக் கருவிகளுக்கு மட்டும். "உடல்நலத்துக்கு" என்று பொதுவாகச் சொல்லிக் கடையில் விற்கும் கிளிப்புகளை அது தொடவில்லை. கேரளத்தின் 2021 உத்தரவு விலையைப் பார்த்தது. தோலைப் பார்ப்பது அதன் வேலையாக இருக்கவில்லை.

மத்திய அரசின் கோவிட் விதிகளில் கடும் நோய்க்கு இரண்டு அடையாளங்கள் சொல்லப்பட்டிருந்தன. ஒன்று, கருவியில் 90-க்குக் கீழே. மற்றது, நிமிஷத்துக்கு 30-க்கு மேல் மூச்சு. முதலாவது எல்லோர் வாயிலும் வந்தது. இரண்டாவதை எண்ண ஒரு கைக்கடிகாரம் போதும். நோயாளியின் நெஞ்சு ஏறி இறங்குவதில் தோலின் நிறம் குறுக்கிடுவதில்லை.