கலவை குற்றமல்ல, மறைப்பதே குற்றம்



இத்தாலியத் திராட்சரசத்தைச் சுவைப்போர் பலரிடம் ஒரு தீர்ப்பு வேரூன்றியிருக்கிறது. ஒரே வகைத் திராட்சையில் பிறந்த ரசமே தூயது. பல வகைகளைச் சேர்த்துச் செய்த ரசம் குறையை மூடும் போர்வை என்பதே அது. அந்தத் தீர்ப்பு தவறானது. மதுவுக்காக இங்கே நான் பரிந்து பேசவில்லை. ஒரு கைத்தொழிலின் நேர்மைக்காகவே பேசுகிறேன்.

டஸ்கனியைப் பாருங்கள். அங்கே சிவப்பு ரசத்தின் முதுகெலும்பு சாஞ்சியோவேஸே என்னும் திராட்சை. செர்ரியின் மணமும் கூரிய புளிப்பும் நாவை இறுக்கும் துவர்ப்பும் அதன் இயல்பு. 1872-இல் பெத்தீனோ ரிக்காசோலி பிரபு, தம் பல்லாண்டுச் சோதனைகளின் முடிவை ஒரு கடிதத்தில் எழுதினார். மணமும் வீரியமும் சாஞ்சியோவேஸேயிலிருந்து வரும். அதன் கடுமையைக் கனாயோலோ தணிக்கும். வெள்ளைத் திராட்சையாகிய மால்வாசியா ரசத்தை இலேசாக்கும். ஆயினும் நெடுங்காலம் வைக்கப்படும் ரசத்திற்கு மால்வாசியா ஆகாது என்றும் அவர் எச்சரித்தார்.

1967-இல் கியாந்திக்கு விதி வகுத்தவர்கள் அந்த எச்சரிக்கையைப் புறக்கணித்தார்கள். 10 முதல் 30 சதவீதம் வரை வெள்ளைத் திராட்சை சேர்ப்பதைக் கட்டாயமாக்கினார்கள். விளைந்தது என்ன? நிறம் வெளுத்தது, சுவை மெலிந்தது. அதுவும் கலவைதான். ஆனால் நாவைக் கேளாமல் விதியைக் கேட்டுச் செய்த கலவை.

அந்தினோரி குடும்பத்தார் வேறு வழியைத் தெரிந்துகொண்டார்கள். 1971-ஆம் ஆண்டின் அறுவடையைத் திஞ்ஞானெல்லோ என்று தோட்டத்தின் பெயராலேயே வெளியிட்டார்கள். 1975-இல் வெள்ளைத் திராட்சையை அறவே நீக்கினார்கள். சாஞ்சியோவேஸேயுடன் கபர்னே சோவிஞ்ஞோனைச் சேர்த்தார்கள். இதற்காகக் கியாந்தி என்னும் புகழ்பெற்ற பெயரை இழந்து, சாதாரண மேசை ரசம் என்னும் தாழ்ந்த பெயரை லேபிளில் ஏற்றுக்கொண்டார்கள். பின்னாளில் விதியே அவர்கள் பக்கம் வந்தது. 2006 அறுவடை முதல் கியாந்தி கிளாசிக்கோவில் வெள்ளைத் திராட்சைக்கு இடமில்லை.

இதற்கு எதிரான காட்சி 2008-இல் மோந்தால்சினோவில் அரங்கேறியது. ப்ரூனெல்லோ என்னும் பெயர் சாஞ்சியோவேஸே ஒன்றுக்கே உரியது. அதில் பிற திராட்சைகள் கலக்கப்பட்டன என்ற சந்தேகத்தின்பேரில் விசாரணை எழுந்தது. மெர்லோவைச் சேர்ப்பதில் பாவமில்லை. சேர்த்துவிட்டு, ஒன்றே என்று லேபிளில் எழுதுவதுதான் பொய்.

"நல்ல திராட்சைக்குத் துணை எதற்கு?" என்று சிலர் கேட்பார்கள். நெபியோலோ தனித்தே பரோலோவாகச் சிறக்கிறது. அதை யார் மறுப்பார்? ஆனால் தனித்து நிற்பது ஒரு வரம் என்றால், இசைந்து நிற்பதும் வரமே. தேர்ந்தவன் ஒவ்வொரு வகையையும் தனித்தனியே நொதிக்கவைத்து, தனித்தனியே சுவைத்து, சிறிய அளவில் சேர்த்துப் பார்த்து, பிறகே பெரிய பீப்பாய்களைத் தொடுகிறான். கபர்னே சற்று மிகுந்தாலும் அதன் கருந்திராட்சை மணம் செர்ரியின் மணத்தை விழுங்கிவிடும். அளவறிந்து நிறுத்துவதே அவன் கலை.

ஆகையால், அடுத்தமுறை ஒரு ரசத்தை நிதானிக்கும்போது ஒற்றையா கலவையா என்று கேளாதிருங்கள். லேபிள் சொல்வது கோப்பையில் இருக்கிறதா என்று கேளுங்கள். ஒன்றையொன்று அடக்காமல் எல்லாத் திராட்சைகளும் பேசுகின்றனவா என்று கேளுங்கள். இவ்விரண்டுக்கும் ஆம் என்று பதிலளிக்கும் ரசத்தை இனி ஒருவரும் தூய்மையற்றது என்று சொல்லாதிருப்பாராக.