தாணேயும் தானேயும்

மும்பைக்குப் புதிதாக வந்திறங்கும் தமிழர், தாராவியிலோ செம்பூரிலோ காவல் நிலைய வாசலில் தேவநாகரியில் 'போலீஸ் டாணே' என்று எழுதியிருப்பதை எழுத்துக்கூட்டிப் படித்துவிட்டு, ரயிலேறிப் போய்ச் சேரவேண்டிய தாணே நகரம் இதற்குள்ளாகவா வந்துவிட்டது என்று திகைத்தால் அதில் ஆச்சரியமில்லை. மராத்தியில் காவல் நிலையத்துக்கும் அந்நகரத்துக்கும் சொல் ஒன்றேதான். வந்தவர் திருநெல்வேலிச் சீமைக்காரராயிருந்தால், போலீஸ்காரரை ஊர்ப் பெரியவர்கள் 'டாணாக்காரன்' என்று சொல்லிக் கேட்ட ஞாபகமும் சேர்ந்துகொண்டு, இதுவும் அதுவும் ஒன்றுதானோ என்ற சந்தேகம் எழும். அந்தச் சந்தேகம் நியாயமானது. அதைத் தாண்டி நம்மவர்கள் போகிற தூரந்தான் கண்டிக்கத் தக்கது.

காதுக்கு ஒன்றுபோல் ஒலிக்கும் சொற்களெல்லாம் ஒரே வயிற்றில் பிறந்தவை என்றும், அவற்றுள் நம்முடையதே தாய், ஏனையவை சேய் என்றும் ஒரு நம்பிக்கை நம்மிடையே வேரூன்றிக் கிடக்கிறது. தமிழபிமானி ஜப்பான் வரை போய்த் தமிழ் வேர் பறித்து வருகிறார். வடமொழி அபிமானியோ ருஷ்ய அகராதியைப் புரட்டி, இதோ ஸம்ஸ்கிருதம், அதோ ஸம்ஸ்கிருதம் என்று பரவசப்படுகிறார். இவ்விரு சாராரும் ஒருவரையொருவர் எவ்வளவு ஏசிக்கொண்டாலும், பிரமாணமாகக் கொள்வது காது ஒன்றைத்தான்.

காது எப்பேர்ப்பட்ட சாட்சி என்பதைக் கடலூர்க்காரர்களைக் கேட்டால் சொல்வார்கள். 2011 டிசம்பர் 30 அன்று அவர்களுடைய முந்திரியையும் பலாவையும் வேரோடு சாய்த்த புயலுக்குத் 'தானே' என்று பெயர். ரோமன் எழுத்தில் அது தாணே நகரத்தின் பெயரேதான். தமிழ்ப் பத்திரிகையில் அது நாம் நாள்தோறும் வழங்கும் 'தானே'தான். ஆனால் அந்தப் பெயரைப் பட்டியலில் சேர்த்தது மியன்மார் நாடு. மராத்தியருக்கும் தமிழருக்கும் அதில் யாதொரு பங்கும் இல்லை. அவ்வளவு தூரமும் போகவேண்டாம். நம் கோயில் கல்வெட்டுகளில் வரும் 'தானத்தார்' தானம் கொடுத்தவர்களோ வாங்கியவர்களோ அல்லர், கோயில் ஸ்தானத்தை நிர்வகித்தவர்கள். ஸ்தானமும் தானமும் தமிழ் வாயில் வந்து ஒரே உருவம் எடுத்துக்கொண்டன என்பதற்காக இரண்டையும் சகோதரராக்க முடியுமா?

தாணேயின் வரலாறு ஒலியினால் அன்றிச் சாஸனத்தினால் நிற்பது. வட கொங்கணத்தை ஆண்ட சிலாஹார அரசன் அரிகேசரி சக வருஷம் 939இல், அதாவது கி.பி. 1017இல், அளித்த செப்பேடு அதை ஸ்ரீஸ்தானகம் என்கிறது. ஸ்தானம் பிராகிருதத்தில் டாணம் ஆயிற்று. அதன் வழியே காவலர் தங்கும் இடமும் டாணா ஆகி, வடக்கேயிருந்து சிப்பாயோடும் கச்சேரியோடும் திருநெல்வேலி வரை நடந்து வந்தது.

இனி ஸ்லாவிய மொழிகளைப் பார்ப்போம். 'ஸ்தான்' என்ற சொல் அவற்றில் பெரும்பாலானவற்றுக்குப் பொது. ருஷ்யருக்கு அது கூடாரமடித்துத் தங்கும் பாளையம், மனித உடலின் வாகும் அதுவே, செக்கருக்குக் கூடாரம், போலந்துக்காரருக்கு நிலைமை, ராஜ்யம் இரண்டும், செர்பியருக்குக் குடியிருக்கும் வீடு, பல்கேரியருக்கு நெசவுத் தறி. நிற்றல் என்ற ஒரே வேரிலிருந்து இத்தனை கிளைகள்! ஜார் காலத்து ருஷ்யாவில் 1837 முதல் ஜில்லாக்களை 'ஸ்தான்' என்ற பகுதிகளாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு போலீஸ் அதிகாரியை வைத்தார்கள். அவருடைய பதவிப் பெயரே அச்சொல்லிலிருந்து உண்டானதுதான். ஆக, நம் டாணாக்காரனுக்கு வோல்கா நதிக்கரையில் ஒரு பங்காளி இருந்திருக்கிறார். 1853 ஏப்ரல் 16ஆம் நாள் போரி பந்தரிலிருந்து புறப்பட்ட இந்தியாவின் முதல் பிரயாணி ரயில் தாணேயில் போய் நின்றதே, அந்த 'ஸ்டேஷன்' என்ற சொல்லும் லத்தீன் வழி வந்த அதே குலத்தது.

இவ்விடத்தில் வடமொழி அபிமானி துள்ளிக் குதிப்பார் என்பது தெரிந்ததே. அவர் கவனிக்க வேண்டிய சங்கதி ஒன்று உண்டு. மாட்டுங்காவின் உடுப்பி ஹோட்டலில் பரிமாறும் கன்னடர் 'கிவி' என்பதை நாம் 'செவி' என்கிறோம். அவர் 'கெம்பு' என்பது நமக்குச் 'செம்மை'. இகரத்துக்கும் எகரத்துக்கும் முன்னால் ககரம் சகரமாகும் நியதி அது. வடமொழியிலும் இந்நியதி ஒரு காலத்தில் நடந்திருக்கிறது. அதன் 'சதுர்' என்ற நான்கில் ககரம் சகரமானது பின்னால் ஓர் எகரம் நின்றதால்தான்; பிறகு எகரம் அகரமாகி மறைந்தது, சகரம் மட்டும் மிஞ்சியது. லிதுவேனிய மொழியோ இன்றும் 'கெதுரி' என்று பழைய ககரம், எகரம் இரண்டையும் வைத்துக்கொண்டிருக்கிறது. தாயே தொலைத்துவிட்ட எகரம் மகளிடம் எப்படி வந்தது? மகளல்லள், உடன்பிறந்தவள் என்பதைத் தவிர வேறு விடை கிடையாது. செவியும் கிவியும் உறவு என்று காது ஒருநாளும் சொல்லியிராது என்பதும் இங்கே நினைவிருக்கட்டும். தமிழபிமானியும் இதே கணக்கைப் போட்டுப் பார்க்கலாம்; தென்மொழிகள் ஒரு தனிக் குடும்பம் என்பதை 1816இலேயே சென்னைக் கலெக்டர் எல்லிஸ் எடுத்துக்காட்டியதும் 1856இல் கால்டுவெல் விரித்துரைத்ததும் இவ்விதமான ஒப்பீட்டைக் கொண்டேயன்றி, ஓசை நயத்தைக் கொண்டு அல்ல.

மேற்சொன்ன அரிகேசரியின் செப்பேடு, தாணேக் கோட்டையில் கட்டட வேலைக்காகத் தோண்டுகையில் 1787இல் அகப்பட்டது. அதன் மொழிபெயர்ப்பு மறு வருஷம் கல்கத்தாவில் 'ஏஷியாடிக் ரிஸர்ச்சஸ்' முதல் தொகுதியில் அச்சேறிற்று. வில்லியம் ஜோன்ஸ் 1786 பிப்ரவரியில் நிகழ்த்திய புகழ்பெற்ற பிரசங்கமும் அதே தொகுதியில்தான் இருக்கிறது. ஸம்ஸ்கிருதம் கிரேக்கத்தினும் செம்மையானது, லத்தீனினும் வளமானது என்று அவர் சொன்னதை நம் மேடைகளில் ஒப்பிக்காதவர் இல்லை. இம்மூன்றும் இப்போது ஒருவேளை இல்லாமலே போய்விட்ட வேறொரு மூலத்திலிருந்து கிளைத்திருக்க வேண்டும் என்று அவர் அதே மூச்சில் தொடர்ந்து சொன்னதை மட்டும், பிரசங்கி அந்த இடத்தில் தண்ணீர் குடித்து விட்டுவிடுகிறார்.