நாற்பது கேள்விகள்

ஹைதராபாத்தின் இரட்டை நகரமான செகந்திராபாதில், மனோவிகாஸ் நகரில் இருக்கிறது மனவளர்ச்சி குன்றியோருக்கான தேசிய நிலையம் (இப்போது பெயர் மாறிவிட்டது). ஆட்டிஸத்தை அளக்க இந்தியாவுக்கென்றே ஓர் அளவுகோல் 2009-இல் அங்கிருந்து வந்தது. 40 அம்சங்கள்; ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 5 வரை மதிப்பெண். கூட்டுத்தொகை 70-ஐத் தொட்டால் ஆட்டிஸம். 153-ஐத் தாண்டினால் கடுமையானது. சான்றிதழுக்கு இதையே பயன்படுத்தும்படி மத்திய அரசு 2016-இல் அறிவித்தது. சலுகைகள் அந்தச் சான்றிதழைப் பொறுத்தவை என்பதால் பெற்றோருக்கு இந்தக் கூட்டல் கணக்கு விளையாட்டல்ல.

முதல் அம்சமே கண்ணைப் பற்றியது: குழந்தை எதிராளியின் முகத்தைப் பார்க்கிறதா? பெரியவர்களை நேருக்கு நேர் பார்த்தால் 'என்னடா முறைக்கிறே?' என்று அதட்டும் வீடுகள் நம்மிடம் இன்னும் உண்டு. அளவுகோல் தேவைதான், வெளிநாட்டுச் சரக்கை அப்படியே நம்புவதைவிட மேல். ஆனால் பதில் சொல்பவர் பெற்றோர், கவனிப்பவர் நிபுணர். கவனிக்கப்படுபவர் வாய் திறக்க இடமில்லை.

மனவியலில் இது பழைய வழக்கம். 1985-இல் லண்டனில் சைமன் பாரன்-கோஹென், ஆலன் லெஸ்லி, உடா ஃப்ரித் மூவரும் பொம்மைகளை வைத்து ஒரு சோதனை நடத்தினார்கள். ஸாலி கோலிக்குண்டைக் கூடையில் வைத்துவிட்டுப் போகிறாள். ஆன் அதைப் பெட்டிக்கு மாற்றிவிடுகிறாள். திரும்பி வரும் ஸாலி எங்கே தேடுவாள்? ஆட்டிஸக் குழந்தைகள் 20 பேரில் 16 பேர் பெட்டியைக் காட்டினார்கள். பிறர் மனதை ஊகிக்கும் திறன் இவர்களுக்கு இல்லை என்ற கொள்கை பரவியது. சரியாகச் சொன்ன 4 பேரைப் பற்றி அதிகம் பேச்சில்லை.

ஊகிக்கத் தெரியாதவர்கள் என்று சொல்லப்பட்டவர்களோ மனிதர்களை விழுந்து விழுந்து படித்தார்கள். அமெரிக்காவின் கால்நடை விஞ்ஞானி டெம்பிள் கிராண்டின், மனிதர்களிடையே தான் செவ்வாய் கிரகத்துக்குப் போன மானிடவியலாளர் மாதிரி என்றார். ஆலிவர் ஸாக்ஸ் 1995-இல் அதையே தன் புத்தகத்துக்குத் தலைப்பாக்கினார். நமக்குத் தானாக வருவதை அவர் பார்த்துப் பார்த்து, குறித்துவைத்துக் கற்றவர்.

பிரிட்டனின் டேமியன் மில்டன் ஒரு படி மேலே போனார். அவர் சமூகவியலாளர், ஆட்டிஸம் உள்ளவர். ஆட்டிஸம் உள்ளவர்களைப் புரிந்துகொள்வதில் மற்றவர்களும்தானே தோற்கிறார்கள், குறையை ஏன் ஒரு பக்கத்தில் மட்டும் எழுதுகிறீர்கள் என்று 2012-இல் கேட்டார். எனக்கு இது நியாயமாகவே படுகிறது.

குக்கர் விசிலுக்குக் காதைப் பொத்தும் பையனுக்கு மதிப்பெண் ஏறும். அந்தச் சத்தம் அவனுக்கு எப்படி இருந்தது என்று எழுத அந்தப் படிவத்தில் கட்டம் இல்லை. பேசவோ எழுதவோ முடிந்த பெரியவர்களிடமிருந்தாவது செகந்திராபாத் நிபுணர்கள் இதைக் கேட்கத் தொடங்கலாம்.