எழுத்து வந்த வழி

நுழையும்முன்

அச்சில் வந்த கதையையோ கவிதையையோ படிப்பவர் அதன் முடிந்த வடிவத்தை மட்டுமே காண்கிறார். அடித்து எழுதிய வரிகளும், கைவிட்ட தொடக்கங்களும், தயங்கி நின்ற நாள்களும் அவர் கண்ணில் படுவதில்லை. படைப்புப் பயிற்சியில் ஈடுபடும் மாணவர் தம் எழுத்து உருவாகும் வழியை அன்றன்று பதிவுசெய்யும் குறிப்பேட்டின் தேவையையும், அது உண்மையாக அமைய வேண்டிய முறையையும் இக்கட்டுரை எடுத்துரைக்கிறது.

படைப்பாக்கச் செயல்திட்டத்திற்காக மாணவர் சிறுகதையோ கவிதைகளோ எழுதி ஒப்படைக்கும்போது, எழுதிய முறையை விளக்கும் குறிப்பேடும் சில இடங்களில் கேட்கப்படுகிறது. பலர் அதனைக் கதை முடிந்தபின், ஒப்படைக்கும் நாளுக்கு முந்தைய இரவில், ஒரே அமர்வில் எழுதி முடிக்கின்றனர். தலைப்பைத் தேர்ந்தெடுத்ததும், ஆர்வத்துடன் எழுதியதும், பலமுறை திருத்தியதும், மனநிறைவு அடைந்ததும் வரிசையாக அதில் இடம்பெறுகின்றன. இத்தகைய குறிப்பு எந்தக் கதைக்கும் பொருந்தும். ஆதலால், எந்தக் கதையைப் பற்றியும் அது எதுவும் சொல்வதில்லை. எழுத்துப் பயிற்சியின் பெரும்பயன் இங்கேதான் இழக்கப்படுகிறது.

நாட்குறிப்பும் படைப்புக் குறிப்பேடும்

புதுச்சேரியில் துபாஷியாகப் பணியாற்றிய ஆனந்தரங்கர் 1736 முதல் 1761 வரை எழுதிய நாட்குறிப்பு, பதினெட்டாம் நூற்றாண்டு வரலாற்றுக்கு அரிய சான்றாக விளங்குகிறது. கப்பல்களின் வருகை, வணிகம், போர், ஆட்சியாளர் உரையாடல் எனத் தம்மைச் சுற்றி நடந்தவற்றை அவர் பதிந்தார். படைப்புக் குறிப்பேடு இதனினும் வேறானது. எழுதுபவரின் அன்றாட வாழ்க்கை அதன் பொருளன்று. எழுதப்படும் படைப்பின் வாழ்க்கையே அதன் பொருள். இன்று எதை எழுத முயன்றோம், எங்கே தடைபட்டோம், எதை நீக்கினோம், ஏன் நீக்கினோம், நாளை எதைச் செய்து பார்க்கலாம் என்னும் வினாக்களுக்கு அன்றைய விடையை அது தாங்கி நிற்கிறது.

நூல் ஒன்று தன்னைப் பற்றிச் சில செய்திகளைச் சொல்ல வேண்டும் என்னும் எண்ணம் தமிழுக்குப் புதியதன்று. இயற்றியவர் பெயர், நூல் வந்த வழி, வழங்கும் எல்லை, நூற்பெயர், யாப்பு, நுதலிய பொருள், கேட்போர், பயன் ஆகிய எட்டும் சிறப்புப் பாயிரத்தில் அமைய வேண்டும் என்று நன்னூல் வகுத்துள்ளது. காலம், களம், காரணம் ஆகிய மூன்றையும் உடன் சேர்ப்பாரும் உண்டு. எனினும், பாயிரம் முடிந்த நூலுக்கு வாயில். குறிப்பேடோ முடியாத எழுத்துக்குத் துணை. முன்னது படிப்பவருக்கு உதவுகிறது; பின்னது முதலில் எழுதுபவருக்கே உதவுகிறது.

எழுத்தாளரின் இடப்பக்கம்

அமெரிக்க நாவலாசிரியர் ஜான் ஸ்டைன்பெக் இப்பழக்கத்தைத் தம் தொழிலின் ஒரு பகுதியாகவே கொண்டிருந்தார். ‘கோபத்தின் திராட்சைகள்’ என்னும் நாவலை 1938ஆம் ஆண்டில் ஐந்து மாதங்களுக்குள் எழுதி முடித்தபோது, உடன் ஒரு பணிக்குறிப்பையும் எழுதிவந்தார். வேலையைக் கெடுத்த ஓசைகள், வந்துபோன விருந்தினர், தம் திறமை மீது தமக்கே எழுந்த ஐயம் ஆகியவை அதில் மறைக்கப்படாமல் இடம்பெற்றுள்ளன. நாவல் 1939இல் வெளிவந்து, மறு ஆண்டில் புலிட்சர் பரிசைப் பெற்றது. ஐம்பது ஆண்டுகள் கழிந்து, 1989இல் அப்பணிக்குறிப்பு நூலாக வந்தபோதுதான், உறுதியான அந்நாவலுக்குப் பின்னால் இருந்த தளர்ச்சி நாள்களை உலகம் அறிந்தது.

‘ஏதேனின் கிழக்கு’ நாவலை 1951இல் எழுதியபோது அவர் மற்றொரு முறையைக் கையாண்டார். பெரிய ஏட்டின் வலப்பக்கத்தில் நாவலையும், இடப்பக்கத்தில் தம் பதிப்பாசிரியருக்கு எழுதுவதுபோல அன்றைய பணி பற்றிய கடிதத்தையும் எழுதினார். பெரும்பாலும் கடிதம் முதலில் வரும். அதனால் மனம் பதப்பட்ட பின்னர் கதை தொடரும். உழவர் விதைக்குமுன் நிலத்தைப் பண்படுத்துவதைப் போன்றது இது. பின்னாளில் நோபல் பரிசு பெற்ற ஒருவருக்கே இடப்பக்கம் தேவைப்பட்டது என்றால், முதல் கதையை எழுதும் மாணவருக்கு அதன் தேவை இன்னும் மிகுதி.

உப்பளத்தில் ஒரு கதை

இப்பழக்கம் மாணவர் எழுத்தில் என்ன மாற்றத்தை விளைவிக்கும் என்பதைக் கற்பனையான ஓர் எடுத்துக்காட்டால் விளக்கலாம். தூத்துக்குடியைச் சேர்ந்த மாணவி ஒருத்தி, உப்பளத்தில் வேலை செய்யும் தாயைப் பற்றிச் சிறுகதை எழுதுகிறாள். முதல் வரைவில், மாலையில் வீடு திரும்பும் தாய் தன் வறுமையை நினைத்து அழுகிறார். கடலும் உப்பு, கண்ணீரும் உப்பு என்று கதை முடிகிறது. அன்றைய குறிப்பில் மாணவி, “முடிவு அழகாக வந்திருக்கிறது. ஆனாலும், இதை எங்கோ படித்ததுபோல் இருக்கிறது” என்று எழுதி நிறுத்துகிறாள்.

மூன்று நாள்களுக்குப் பின் இன்னொரு குறிப்பு: “அம்மா வேலை முடிந்து வந்து அழுது நான் பார்த்ததில்லை. வந்ததும் என்ன செய்வார் என்று யோசித்தேன். விளக்கைப் போடவிடமாட்டார். சிறிது நேரம் இருட்டில் உட்கார்ந்திருப்பார். ஏன் என்று இன்றுதான் கேட்டேன். பகலெல்லாம் பாத்தியின் வெண்மையில் கண் கூசிப் போகிறது, இருட்டுதான் கண்ணுக்கு ஓய்வு என்றார்.” கதையின் முடிவு மாறுகிறது. கண்ணீர் நீங்குகிறது, விளக்கு ஏற்றாத வீட்டில் தாயும் மகளும் அருகருகே அமர்ந்திருக்கும் காட்சி அவ்விடத்தைப் பெறுகிறது.

“எங்கோ படித்ததுபோல் இருக்கிறது” என்னும் ஒரு தொடர் எழுதப்படாமல் போயிருந்தால் அந்த ஐயம் மறுநாளே மறைந்திருக்கும். முதல் முடிவே நிலைத்திருக்கும். மனத்தில் தோன்றும் நெருடல் மிகக் குறுகிய ஆயுள் உடையது. அதனைத் தாளில் பிடித்து வைத்தால்தான் அது வினாவாகிறது. வினாவானால்தான் விடையைத் தேடத் தோன்றுகிறது. இரவல் உணர்ச்சியிலிருந்து தன் கண் கண்ட உண்மைக்கு மாணவி வந்து சேர்ந்த வழி, குறிப்பேட்டின் இந்த இரண்டு பதிவுகளில் அடங்கியுள்ளது. அடுத்த கதையை எழுதும்போது அவளுக்குக் கைகொடுப்பதும் இவ்வழியே.

இரு மறுப்புகள்

படைப்பு என்பது தன்னியல்பாகப் பொங்கி வருவது. அதனைக் கண்காணித்துக் குறிப்பெழுதினால் ஊற்று வறண்டுவிடும் என்பது முதல் மறுப்பு. ஆங்கிலக் கவிஞர் கோல்ரிட்ஜ், 1816இல் வெளியிட்ட ‘குப்ளா கான்’ என்னும் கவிதை உறக்கத்தில் தமக்குத் தோன்றியது என்று கூறினார். ஆயினும், அக்கவிதைக்கு அவர் கையால் எழுதிய படி ஒன்று கிடைத்துள்ளது. அச்சான வடிவத்துக்கும் அதற்கும் வேறுபாடுகள் உள்ளன. கவிதையில் வரும் மலையின் பெயரே மாறியிருக்கிறது. கனவில் வந்ததாகச் சொல்லப்பட்ட கவிதையும் விழித்திருக்கும்போது திருத்தப்பட்டது. ஊற்று பெருகும் வேளையில் குறிப்பெழுதத் தேவையில்லை. எழுதி முடித்தபின் பத்து நிமிடம் ஒதுக்கினால் போதும்.

பாடச்சுமை மிகுந்த மேல்நிலை வகுப்பில் இதற்கு நேரம் ஏது என்பது இரண்டாம் மறுப்பு. இது புறந்தள்ளத்தக்கதன்று. எனவேதான் குறிப்பேட்டில் அழகிய உரைநடையை எதிர்பார்க்கக் கூடாது. தேதி, முயன்றது, தடைபட்டது, மாற்றியது, காரணம் என்று ஐந்தாறு வரிகள் போதும். அடித்தலும் திருத்தலும் இருக்கலாம். நீக்கிய பத்தியைக் கிழித்தெறியாமல் ஒட்டி வைப்பதும் ஒரு குறிப்பே.

மதிப்பெண்ணும் நேர்மையும்

குறிப்பேட்டுக்கு மிகப்பெரிய இடையூறு மதிப்பெண்ணிலிருந்து வருகிறது. மதிப்பிடப்படும் என்று அறிந்தவுடன் மாணவர் தம் தடுமாற்றங்களை மறைத்து, தெளிவாகத் திட்டமிட்டு எழுதியவர்போல் காட்டிக்கொள்கின்றனர். வேறு சிலர், திருத்தங்களைப் பாராட்டுவர் என்று கருதி, செய்யாத திருத்தங்களைக் கற்பனை செய்கின்றனர். கதையில் கற்பனை வேண்டும். குறிப்பேட்டில் அது கூடாது. இக்குறைக்கு மாணவரை மட்டும் பொறுப்பாக்குவது முறையாகாது. குறிப்பேட்டின் தூய்மைக்கும் நீளத்துக்கும் மொழியழகுக்கும் மதிப்பெண் வழங்கும் முறையே அவர்களை அவ்வழியில் செலுத்துகிறது.

ஆசிரியர் பார்க்க வேண்டியவை இரண்டு: மாணவர் தம் படைப்பை நோக்கி உண்மையான வினா ஒன்றையேனும் எழுப்பியிருக்கிறாரா? அவ்வினா படைப்பில் ஏதேனும் மாற்றத்தை விளைவித்ததா? தோல்வியுற்ற முயற்சியைப் பதிந்தமைக்காக எவருக்கும் மதிப்பெண் குறையக் கூடாது. குடும்பத்தைப் பற்றியோ மனத்துயரைப் பற்றியோ எழுதிய பக்கத்தை மடித்து வைத்து, ஆசிரியர் படிக்க வேண்டா என்று சொல்லும் உரிமையும் மாணவருக்கு இருத்தல் வேண்டும். குறிப்பேட்டை இறுதியில் ஒருமுறை வாங்கிப் பார்ப்பதைவிட, இடையிடையே பார்த்து ஓரிரு சொற்கள் உரையாடுவது பயன் தரும். அன்றன்று எழுதாத குறிப்பேடு அப்போது இயல்பாகவே வெளிப்பட்டுவிடும்.

கேட்டவுடன் கதை எழுதித் தரும் கணினிக் கருவிகள் மாணவரின் கைகளுக்கு வந்துவிட்ட காலம் இது. முடிந்த கதையை மட்டும் வைத்து, அதனை எழுதியவர் யார் என்று அறிவது இனி எளிதன்று. ஆனால், பிறர் எழுதித் தந்ததா என்று துப்பறிவதற்காகக் குறிப்பேட்டைப் பயன்படுத்தினால், அதுவும் போலியாகவே எழுதப்படும். அதன் மதிப்பு வேறிடத்தில் உள்ளது. கருவி ஒரு முடிவைத் தரலாம். அந்த முடிவு தன் தாயின் வாழ்வுக்குப் பொருந்துகிறதா என்று கேட்டு அடுக்களை வரை நடந்து செல்ல வேண்டியவர் மாணவரே.

கதை ஒப்படைக்கப்பட்டு, மதிப்பெண் பெற்று, மறக்கப்பட்டும் போகலாம். எழுதியவரிடம் எஞ்சியிருப்பது, தடைபட்ட இடத்திலிருந்து மீண்டும் எழுதத் தொடங்கிய முறை. அதனை இழக்காமல் காப்பதற்கு ஒரு சிறு ஏடும், நாள்தோறும் பத்து நிமிடமும், தன்னிடம் பொய் சொல்லாத மனமும் போதுமானவை.