ஆட்டோ கட்டணத்துக்கு அரசாணை எப்போது?

"டிராப் எங்க சார்? கேஷா, ஆன்லைனா?" சென்னையில் செயலி மூலம் ஆட்டோ பிடிக்கும் எவரும் இந்தக் கேள்விகளைத் தாண்டாமல் வண்டியில் ஏறுவதில்லை. விடியும் முன்னே கிளாம்பாக்கம் பேருந்து நிலையத்தில் மூட்டை முடிச்சோடு வந்திறங்குபவர்களுக்கு இன்னொன்றும் காத்திருக்கிறது: "ஆப்ல காட்டுறதுக்கு மேல நூறு போட்டுக் குடுங்க, இல்லேன்னா கேன்சல் பண்ணிடுங்க." வர மறுப்பவர் ஓட்டுநர்; கேன்சல் பொத்தானை அழுத்த வேண்டியவர் மட்டும் பயணியாம்!

ஓட்டுநரை மட்டும் திட்டிப் பயனில்லை. தமிழக அரசு ஆட்டோ கட்டணத்தை நிர்ணயித்தது 2013 ஆகஸ்டில். முதல் 1.8 கிலோமீட்டருக்கு 25 ரூபாய், அதற்கு மேல் கிலோமீட்டருக்கு 12 ரூபாய். அந்தக் கணக்கில் ஐந்து கிலோமீட்டர் சவாரிக்கு 63 ரூபாய் சொச்சம். பெட்ரோல் லிட்டர் நூறு ரூபாயைத் தாண்டிவிட்ட ஊரில் இந்தக் கூலிக்கு யார் வண்டியை எடுப்பார்? பில் தரும் ஜி.பி.எஸ். மீட்டரை இலவசமாகத் தருவோம் என்றும் அப்போதே அரசு சொன்னது. அது அறிவிப்போடு சரி.

பொறுத்துப் பார்த்த ஆட்டோ ஓட்டுநர் சங்கங்கள், 2025 பிப்ரவரி முதல் தேதியிலிருந்து குறைந்தபட்சம் 50 ரூபாய், கிலோமீட்டருக்கு 18 ரூபாய் எனத் தாங்களே அறிவித்தன. இது செல்லாது, மீறினால் நடவடிக்கை என்று எச்சரித்தது அரசு. சரி, செல்லுபடியாகும் கட்டணத்தை அறிவிக்க யார் தடுத்தார்கள்?

இந்த இடைவெளியில்தான் செயலிகள் விலை வைக்கின்றன. மழை பெய்தால் ஒரு ரேட், வெயிலுக்கு ஒரு ரேட். இப்போது ஆட்டோக்களிடம் கமிஷனுக்குப் பதில் சந்தா வாங்கும் முறை பரவிவிட்டது. திரையில் தெரியும் தொகை உத்தேசம்தான், மீதியை நீங்களும் ஓட்டுநரும் பேசிக்கொள்ளுங்கள் என்று நிறுவனங்கள் நழுவ இது நல்ல வசதி. பழையபடி பேரம், நடுவில் ஒரு செல்போன், அவ்வளவுதான்.

செயலி நிறுவனங்களுக்கென மத்திய அரசு 2025 ஜூலையில் வெளியிட்ட வழிகாட்டுதல்களில் மருந்து இல்லாமல் இல்லை. நெரிசல் நேரத்தில் அடிப்படைக் கட்டணத்தைப் போல இரு மடங்குக்கு மேல் வாங்கக் கூடாது. தக்க காரணமின்றிச் சவாரியை ரத்து செய்தால், ஓட்டுநரானாலும் கட்டணத்தில் 10 சதவீதம், அதிகபட்சம் 100 ரூபாய் அபராதம். ஆனால் அந்த அடிப்படைக் கட்டணத்தை அறிவிக்க வேண்டியது மாநில அரசு. 2013-ஆம் ஆண்டுத் தொகையை வைத்து எந்த உச்சவரம்பையும் நடைமுறைப்படுத்த முடியாது.

போக்குவரத்துத் துறை, சங்கங்களையும் பயணிகளையும் உட்காரவைத்துப் பேசி, ஓட்டுநருக்குக் கட்டுப்படியாகும் புதிய கட்டணத்தை அரசாணையாக வெளியிட வேண்டும். எரிபொருள் விலையோடு ஆண்டுதோறும் அதைத் திருத்தவும் அந்த ஆணையிலேயே வழி வேண்டும். செயலிகளும் அதற்குக் கட்டுப்பட்டே உரிமம் பெறட்டும். அதற்குப் பிறகும் மேலே நூறு கேட்பவர்மீது தாராளமாக நடவடிக்கை எடுங்கள், பயணிகள் துணைநிற்பார்கள்.