செய்தி வீடு வந்து சேர வேண்டும்

2020 மார்ச்சில் கொரோனாவுக்காகப் பாடசாலைகள் மூடப்பட்டபோது, பாடங்களும் அறிவித்தல்களும் வட்ஸ்அப்புக்குள் போய்விட்டன. அனுப்பிய ஆசிரியரை நாம் குறைகூற மாட்டோம். ஊரடங்கில் அவர் வேறென்ன செய்வார்? ஆனால் அனுப்பியதெல்லாம் கிடைத்ததா? உலகில் குறைந்தது 46 கோடி 30 இலட்சம் பிள்ளைகளுக்கு வானொலி, தொலைக்காட்சி, இணையம் எதன் வழியாகவும் பாடம் எட்டவில்லை என்று யுனிசெப் அவ்வாண்டு ஆகஸ்டில் கூறியது.

இடம்பெயர்ந்த எமக்குச் சிக்கல் இன்னும் கூட. பாடசாலைப் பதிவேட்டில் இருப்பது பழைய விலாசம். சிம் அட்டை எத்தனை தடவை மாறியதோ! வீட்டிலுள்ள ஒரே தொலைபேசி தகப்பனோடு கூலி வேலைக்குப் போய்விடும். 2020 ஜூலையில் வகுப்பு வகுப்பாகத் திறந்து, சில நாட்களில் மறுபடி மூடினார்கள். அயல்வீட்டுப் பிள்ளை வெள்ளைச் சட்டையோடு போவதைக் கண்டே திறந்த நாளை அறிய வேண்டிய நிலை எந்தத் தாய்க்கும் வரக்கூடாது.

திருச்சபைப் பாடசாலையோ, அரசாங்கப் பாடசாலையோ, இதற்குப் பெரும் பணம் வேண்டியதில்லை. சங்கக்கடைச் சுவரில் ஒரு தாள் ஒட்டலாம். கோயில், தேவாலய ஒலிபெருக்கியில் வெள்ளி மாலை ஐந்து நிமிடம் பேசலாம். புதிய செய்தி இல்லையென்றால், "இன்னும் திகதி வரவில்லை" என்றாவது சொல்லட்டும். சொல்லாவிட்டால் பஸ் தரிப்பிடத்தில் வேறொருவர் ஒரு திகதியைச் சொல்லிவிடுவார்.

பெற்றோரே, இடம் மாறிய கிழமையிலேயே புதிய விலாசத்தை அதிபரிடம் கொடுங்கள். தொலைபேசி இல்லையேல், செய்தி சொல்லக்கூடிய அயலவர் ஒருவரின் பெயரையாவது எழுதிக் கொடுங்கள்.