உலகம் அழிந்த பிறகு ஒரு கார்

உலகம் அழிந்துவிட்டது. நகரங்கள் இடிந்து கிடக்கின்றன. மிஞ்சியவர்கள் சில முரடர்கள்; மிஞ்சியவை சில கார்கள், கொஞ்சம் பெட்ரோல். வீரன் காரில் பறக்கிறான், இறங்கி நாலு பேரை உதைக்கிறான், மறுபடி ஏறிப் பறக்கிறான். மின்சார ரயிலில் தொங்கிக்கொண்டு வீடு திரும்பும் தகப்பனார், மகன் இந்த வீடியோ ஆட்டத்தில் மூழ்கிக் கிடப்பதைக் கண்டு தலையில் அடித்துக்கொள்கிறார். அடித்துக்கொள்வதற்கு முன், இந்தக் கதை எங்கிருந்து வந்தது என்று சற்று யோசிப்பது நல்லது.

அது பிறந்த இடம் பெட்ரோல் பங்க் வரிசை. 1973-ல் அரபு நாடுகள் எண்ணெய்க்குத் தடை விதித்தன. உலகெங்கும் விலை எகிறியது. ஆஸ்திரேலியாவில் பெட்ரோல் தட்டுப்பட்டபோது, வரிசையில் முந்தப் பார்த்தவர்கள் மீது மற்றவர்கள் பாய்ந்தார்கள். இதைக் கவனித்து வைத்திருந்த பத்திரிகையாளர் ஜேம்ஸ் மக்காஸ்லண்ட், ஆஸ்பத்திரியில் விபத்துக் கேஸ்களைப் பார்த்துவந்த டாக்டர் ஜார்ஜ் மில்லருடன் சேர்ந்து எழுதியதுதான் 1979-ல் வெளியான 'மேட் மேக்ஸ்' திரைப்படம். 1981-ல் வந்த இரண்டாம் பாகத்தில் சண்டை முழுவதுமே எண்ணெய்க்காகத்தான்.

அந்தப் பாழ்நிலம் பிறகு ஆட்டங்களுக்குள் குடியேறியது. 2015-ல் அதே பெயரில் வந்த ஆட்டத்தில் கைச்சண்டையும் உண்டு, கார் ஓட்டமும் உண்டு. வண்டிக்குப் பெட்ரோல் தேட வேண்டும், குடுவையில் தண்ணீர் பிடிக்க வேண்டும். நாய்க்கென்று டப்பாவில் அடைத்த உணவையும் தின்ன வேண்டும். பெட்ரோலை எண்ணி எண்ணிச் செலவழிக்கும் இந்தச் சிக்கனம் ஒன்றுதான் இதில் பையன்களுக்கு உருப்படியான பாடம். மாதக் கடைசியில் ஸ்கூட்டர் வைத்திருக்கும் எந்தக் குமாஸ்தாவுக்கும் அது புரியும்.

பொய் எங்கே இருக்கிறது என்றால், மனிதர்களைக் காட்டும் விதத்தில் இருக்கிறது. 1987-ல் ஜப்பானில் செய்த 'டபுள் டிராகன்' என்ற தெருச்சண்டை ஆட்டத்தை எடுத்துக்கொள்வோம். இரண்டு பையன்கள் ஆளுக்கொரு காசு போட்டு, அண்ணன் தம்பியாகத் தோளோடு தோள் நின்று கடைசி வரை ரவுடிகளை அடிக்கிறார்கள். முடிவில் இருவரும் உயிரோடிருந்தால், காப்பாற்றிய பெண்ணுக்காக ஒருவரையொருவர் அடித்துக்கொள்ள வேண்டும்! கஷ்டம் வந்தால் கூட இருப்பவனும் எதிரிதான் என்ற எண்ணத்தை இதைவிடப் பச்சையாகச் சொல்ல முடியாது.

உலகம் நின்றுபோன நாட்களை வெளிமாநிலத்துத் தொழிலாளிகள் கண்ணால் பார்த்தவர்கள். 2020 மார்ச் 25-ல் ஊரடங்கு வந்தது. ரயில் இல்லை, பஸ் இல்லை, கூலி இல்லை. மே 1-ல் தனி ரயில்கள் விடத் தொடங்கும் வரையிலும், அதற்குப் பிறகும், மூட்டையும் குழந்தையுமாக ஜனங்கள் நெடுஞ்சாலைகளில் நடந்தார்கள். ஆட்டத்தில் வருகிற அதே வெறிச்சோடிய சாலைதான். முரடர்களும் இருந்தார்கள், இல்லாமல் இல்லை. சில இடங்களில் தடியடி விழுந்தது, சில கிராமங்கள் முள்ளை வெட்டிப் போட்டு வழியை மறித்தன. ஆனால் நடந்தவர்கள் ஊர் போய்ச் சேர்ந்தது கைச்சண்டையில் ஜெயித்தா? சாலையோரம் சோற்றுப் பொட்டலமும் ரொட்டியும் வைத்துக்கொண்டு நின்றவர்களால்; ஏற்றிக்கொண்டு போன லாரி டிரைவர்களால்; பழைய செருப்பைக் கொடுத்தவர்களால்.

ஆட்டத்தை அணைக்கச் சொல்ல வேண்டியதில்லை. அணைத்தால் பையன் பக்கத்து வீட்டில் போய் ஆடுவான். அந்தப் பாழ்நிலம் திரையில் தெரிகிறபோது, 2020-ல் நடந்தவர் ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்து, எந்த ஊர் எல்லையில் எந்தப் பாஷைக்காரர் தண்ணீர் கொடுத்தார் என்று சொல்லட்டும்.